பழைய லேண்ட் ரோவருக்கு எந்தக் கியர் எண்ணெய்? பெரிய எண் எல்லா இடத்துக்கும் நல்லதல்ல

மலாக்கா – தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் லேண்ட் ரோவர் என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது துரையின் காடிதான். விடியற்காலைப் பெரட்டுக்கு அது செம்மண் சாலையில் இறங்கி வரும் சத்தத்தைக் கேட்டே மணி என்னவென்று சொன்னவர்கள் உண்டு. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் பழைய காடிகளை ஆசையோடு வாங்கிச் சீர்படுத்துகிறவர்களில் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சாயம், இருக்கை, டயர் எல்லாம் பார்த்துப் பார்த்து மாற்றிய பிறகு, கடைசியில் கியர் எண்ணெய்க்கு வரும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். “இருப்பதிலேயே உயர்ந்த ரகம் கொடுங்கள்” என்று கடையில் கேட்பது இயல்பு. பழைய கியர் பெட்டியைக் கெடுப்பதற்கு அந்த நல்லெண்ணம் ஒன்றே போதும்.

மலாயாவோடு வளர்ந்த காடி

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அங்கிருந்து பரவிய தோட்டத் தொழிலுக்கு அரை நூற்றாண்டு கழித்து ஏற்ற வண்டி கிடைத்தது. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. தோட்ட நிர்வாகிகள், போலீஸ், ராணுவம் என எல்லாரும் இந்தக் காடியை நாடினார்கள்.

1958 வரை வந்தது சீரிஸ் 1. அந்த ஆண்டு சீரிஸ் 2, 1961இல் 2ஏ, 1971இல் சீரிஸ் 3 வந்தன. 1985இல் சீரிஸ் 3 நின்றது. இந்தக் கட்டுரை இந்தப் பழைய நான்கு கியர் காடிகளைப் பற்றியது. பின்னர் வந்த டிஃபெண்டரின் ஐந்து கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

4க்கும் 5க்கும் என்ன வேறுபாடு?

கியர் எண்ணெய்ப் போத்தலில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று அச்சிட்டிருக்கும். இது அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த பிரிவு. நான்கைவிட ஐந்து தரத்தில் உயர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் எண்ணெய் எந்த வகைப் பற்சக்கரத்துக்கு, எவ்வளவு அழுத்தத்துக்கு ஏற்றது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

ஜிஎல்-5 பெரும்பாலும் ஹைப்பாய்ட் எனப்படும் டிஃபரன்ஷியல் பற்சக்கரங்களுக்காக வந்தது. அங்கே பல்லும் பல்லும் ஒன்றன்மேல் ஒன்று கடுமையாக வழுக்கித் தேய்ந்துகொண்டே சுழலும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துபோகும். அதனால் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த மருந்தைச் சேர்க்கிறார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது எஃகின் மேல் மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. ஜிஎல்-5இல் இந்த மருந்தின் அளவு ஜிஎல்-4ஐப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

எஃகுக்கு இது காவல். ஆனால் லேண்ட் ரோவரின் கியர் பெட்டிக்குள் எஃகு மட்டும் இல்லை, வெண்கலமும் இருக்கிறது. முக்கியத் தண்டின் புஷ்களும், கியர் மாற்ற உதவும் சிங்க்ரோ கூம்புகளும் செம்பு கலந்த உலோகம். சூடேறிய எண்ணெயில் உள்ள கந்தகம் செம்பை அரிக்கும். படியும் படலமும் மென்மையான வெண்கலத்தைவிட உறுதியாக இருப்பதால், தேயும்போது உலோகத்தையும் சேர்த்தே உரித்துக்கொண்டு போகும். ஒரே நாளில் எதுவும் தெரியாது. ஓட ஓடத்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிங்க்ரோ கூம்பு உராய்ந்துதான் இரண்டு சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்குகிறது. எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்கினால் கூம்புக்குப் பிடி கிடைக்காது. கியர் ‘கரக்’ என்று கத்தும். சீரிஸ் 1, 2 காடிகளில் மூன்றாம், நான்காம் கியருக்கு மட்டுமே சிங்க்ரோ. கீழ்க் கியருக்கு இறங்க அந்தக் கால ஓட்டுநர்கள் கிளட்சை இரண்டு முறை மிதித்தது அதனால்தான். சீரிஸ் 3இல் நான்கு முன் கியர்களுக்கும் சிங்க்ரோ உண்டு.

செம்பை அரிக்காதபடி தயாரித்த ஜிஎல்-5 எண்ணெய்களும் இப்போது விற்கின்றன. ஆனாலும் பழைய பெட்டிக்கு ஜிஎல்-4தான் கவலையில்லாத வழி.

எங்கே எது?

கியர் பெட்டிக்கும் அதையொட்டிய டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கும் ஜிஎல்-4, 80டபிள்யூ-90 அல்லது இபி 90. கியர் பெட்டிக்கு சுமார் 1.5 லிட்டர், டிரான்ஸ்ஃபர் பெட்டிக்கு 2.5 லிட்டர் பிடிக்கும்.

முன், பின் டிஃபரன்ஷியல்களுக்குத் தலா 1.75 லிட்டர். ரோவர் வகை அச்சுக்கு அதே எண்ணெய் போதும். 109 அங்குல நீளக் காடிகள் சிலவற்றில் பின்னால் சால்ஸ்பரி அச்சு இருக்கும். பின்பக்க மூடி போல்ட் போட்டுப் பூட்டியிருந்தால் அது சால்ஸ்பரி. அதற்குள் இருப்பது ஹைப்பாய்ட். ஜிஎல்-5க்கு உரிய இடம் அதுதான். அதன் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முன் சக்கரங்களின் உருண்டையான ஸ்விவல் கூடுகளுக்குத் தலா அரை லிட்டர். ரோவர் அச்சுள்ள காடிக்கு ஆகமொத்தம் எட்டரை லிட்டர் தேவை. நான்கு லிட்டர் டின் இரண்டு வாங்கினாலும் கொஞ்சம் குறையும்.

போத்தலைப் படிப்பது எப்படி?

80டபிள்யூ-90 என்பதில் முதல் எண் குளிர் நாட்டுக்கானது. மலாக்கா வெயிலில் அதைப் பற்றிக் கவலை வேண்டாம், 90தான் முக்கியம். இதை இயந்திர எண்ணெயின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது, இரண்டும் வேறு அளவுகோல். 90 கியர் எண்ணெயின் தடிமன், 40 அல்லது 50 இயந்திர எண்ணெய்க்கு நெருக்கமானது. இரைச்சலை அடக்க 140 ஊற்றுவது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது.

பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறலாம். ஷெல் ஸ்பைராக்ஸ் எஸ்2 வரிசையில் ‘ஜி’ என்று முடிவது ஜிஎல்-4, ‘ஏ’ என்று முடிவது ஜிஎல்-5. ஓர் எழுத்துதான் வித்தியாசம். எந்த நிறுவனத்து எண்ணெயானாலும் பின்பக்கச் சிற்றெழுத்தைப் படித்த பிறகே காசு கொடுக்க வேண்டும்.

பழைய எண்ணெய் சொல்லும் கதை

எண்ணெயை இறக்கும்போது அதைக் கவனிக்க வேண்டும். தே தாரிக் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய காடிகளில் இது வழக்கம். காற்றுத் துளை அடைத்திருக்கிறதா, சீல் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது எஃகின் இயல்பான தேய்மானம். பொன்துகள் மினுமினுத்தால் கரைவது வெண்கலம். கியர் பெட்டியில் எண்ணெய் குறைந்து டிரான்ஸ்ஃபர் பெட்டியில் கூடினால் இடையிலுள்ள சீல் போய்விட்டது என்று பொருள்.

காடியைச் சற்று ஓட்டி எண்ணெய் சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி மாற்றுவது நல்லது. முதலில் கழற்ற வேண்டியது நிரப்பும் மூடி. துருப்பிடித்து அது வராமல் போனால், கீழ் மூடியைத் திறந்து எண்ணெயை இறக்கியவர் காடியை நகர்த்த முடியாமல் நிற்பார். புது எண்ணெய் நிரப்பும் துளையில் வழியத் தொடங்கும்வரை ஊற்றினால் அளவு சரி.

பழைய எண்ணெயைக் கால்வாயிலோ செம்பனை அடியிலோ கொட்டக் கூடாது. மலேசியச் சட்டப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற பிரிவில் வரும் அட்டவணைக் கழிவு. டின்னில் பிடித்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைக்கலாம்.

ஜிஎல்-5 ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டதென்றால் பதற வேண்டியதில்லை. அடுத்த சர்வீஸ்வரை காத்திராமல் இறக்கிவிட்டு ஜிஎல்-4 நிரப்பினால் போதும். வெண்கலம் தேய்ந்துபோன பிறகு அந்த வாய்ப்பு இல்லை. இந்தக் காடிகளில் இருக்கைப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றி, உள்ளேயிருந்துதான் கியர் பெட்டியைத் தூக்க முடியும். இரண்டு பேர் நாள் முழுக்கச் செய்யும் அந்த வேலையைத் தவிர்க்க, கடையில் போத்தலைத் திருப்பிப் படிக்கும் ஒரு நிமிடம் போதும்.