திறப்பை எடுத்த பிறகும் காரின் முன் லைற் எரிகிறதா?

காசு சேர்த்து, தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் பழைய கார் ஒன்று வாங்கியாச்சு. முதல் நாளே ஒரு விஷயம் உங்கள் கண்ணில் படும். நல்ல வெயில். சுவிட்சும் நிற்பாட்டித்தான் இருக்கிறது. ஆனாலும் முன் லைற் எரிகிறது. ஊரிலே என்றால் எதிரே வருகிறவர் கையை விரித்து மடக்கி "லைற் எரியுது" என்று காட்டுவார். இங்கே ஒருவரும் காட்டுவதில்லை. விற்றவர் ஏமாற்றி விட்டாரோ, பொலிஸ் மறிக்குமோ என்று பயந்து பலர் உடனே கராஜுக்கு ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். முதலில் இது பழுதா இல்லையா என்று பாருங்கள்.

கனடாவில் 1989 டிசம்பர் 1 ஆம் திகதிக்குப் பிறகு விற்பனைக்காகத் தயாரிக்கப்பட்ட எல்லாக் கார்களிலும் பகல்நேர லைற் இருக்க வேண்டும் என்பது சட்டம். எஞ்சின் ஓடும்போது அது தானாகவே எரியும். எதிரே வருகிறவருக்கு உங்கள் காரைத் தெளிவாகக் காட்டுவதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பழைய கார்களில் இதற்கென்று தனி பல்ப் இல்லை. வழமையான முன் லைற்றே கொஞ்சம் மங்கலாக எரியும். சில கார்களில், ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்ரார்ட் செய்தால் அது எரியாது, பிரேக்கை விட்டதும் எரியும். உங்கள் கார் இப்படி நடந்தால் அதிலே பழுது ஒன்றும் இல்லை. இதை நிற்பாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்து விடாதீர்கள்.

ஆனால் இந்தப் பகல்நேர லைற்றை நம்பி இரவில் ஓடுவது ஆபத்து. முன்னுக்கு வெளிச்சம் தெரியும், டாஷ்போர்டும் வெளிச்சமாக இருக்கும். பின் லைற்றோ எரியாது. பின்னால் வருகிற லொறிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். 2021 செப்டெம்பர் முதல் புதிதாகத் தயாரிக்கப்படும் வாகனங்களில் இந்தக் குறையைத் தீர்க்கச் சட்டம் வந்தது. நம்மவர்கள் வாங்கும் கார்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவைதானே. ஆகவே பொழுதுபட முதலே சுவிட்சை முழுதாகத் திருப்புங்கள். ஒன்ராறியோவில் சூரியன் மறைவதற்கு அரை மணித்தியாலம் முன்பிருந்து, உதித்து அரை மணித்தியாலம் வரைக்கும் லைற் போட வேண்டும். பனிமூட்டம், பனி கொட்டுதல் போன்றவற்றால் 150 மீற்றருக்கு அப்பால் தெரியாவிட்டால் பகலிலும் போட வேண்டும்.

இனி எஞ்சினை நிற்பாட்டின பிறகும் எரிகிற லைற்றைப் பார்ப்போம். நீங்கள் வீட்டு வாசலுக்குப் போகும்வரை வழி காட்டட்டும் என்று, அரை நிமிடம் தொடக்கம் சில நிமிடம் வரை எரிந்து விட்டுத் தானாக நூரும் கார்கள் உண்டு. அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். சுவிட்சை நிற்பாட்டி, திறப்பை எடுத்து, கதவுகளைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். நூர்ந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் எரிந்தால் அதுதான் பழுது. அன்றிரவே ஏதாவது செய்தாக வேண்டும்.

ஏன் அன்றிரவே? கணக்கைப் பாருங்கள். சாதாரண ஹலோஜன் பல்ப் ஒன்று 55 வாட். இரண்டும் சேர்ந்து 12 வோல்ற் பற்றறியில் இருந்து ஒன்பது அம்பியர் இழுக்கும். பின் லைற், சின்ன லைற் எல்லாம் சேர்த்தால் பதினொன்று, பன்னிரண்டு அம்பியர். சிறிய காரின் பற்றறி 45 முதல் 60 அம்பியர்-மணி வரைதான். புது பற்றறியே நாலைந்து மணித்தியாலத்தில் படுத்து விடும். பழைய பற்றறிக்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை. மைனஸ் 18 பாகைக் குளிரில் பற்றறியின் பலம் ஏறக்குறையப் பாதியாகி விடும் என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு வேலைத்தலத்தில் காரை விட்டுவிட்டு உள்ளே போனால், காலை ஆறு மணிக்கு வந்து திறப்பைத் திருப்பும்போது "டிக்" என்ற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

தானியங்கி லைற் உள்ள கார் என்றால் முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். முன் கண்ணாடிக்குக் கிட்ட, பொத்தான் போலச் சிறிய கறுப்பு மூடி ஒன்று இருக்கும். வெளிச்சத்தை அளக்கும் கண் அதுதான். அதன் மேலே பிள்ளையாரோ மாதாவோ, பூமாலையோ, ரிசு பெட்டியோ இருந்தால் கார் எப்போதும் இரவு என்றுதான் நினைக்கும். சாமியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், குறை நினைக்க மாட்டார். பகலில் லைற் முழுதாக எரிகிறது என்று வரும் முறைப்பாடுகளில் சில இவ்வளவுதான். ஆனால் திறப்பை எடுத்த பிறகும் எரிவதற்கு இந்தக் கண் காரணமாகாது.

அப்படி எரிவதற்கு அடிக்கடி காரணமாவது ரிலே. தீப்பெட்டியை விடச் சிறிய கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு உலோக முனைகள் தொட்டால் லைற் எரியும், விலகினால் நூரும். பல வருடம் உழைத்த ரிலேயில் அந்த முனைகள் சூட்டில் ஒட்டிப்போகும். அதற்குப் பிறகு சுவிட்சை எத்தனை தரம் திருப்பினாலும் பயனில்லை. எஞ்சினை நிற்பாட்டி, பொனற்றைத் திறந்து, பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். எந்த இடத்தில் எது இருக்கிறது என்று மூடியின் உட்பக்கத்தில் படம் இருக்கும். முன் லைற்றுக்கு உரிய ரிலேயை நேராக மேலே இழுத்து எடுங்கள். லைற் நூர்ந்தால் பற்றறி தப்பியது. ஹோர்னுக்கு உள்ள ரிலேயில் அதே இலக்கம் இருந்தால் அதை இந்த இடத்தில் செருகிப் பாருங்கள். அதோடு லைற் ஒழுங்காகப் போட்டு நூர்க்க முடிந்தால் பழைய ரிலேதான் பழுது. இது விலை கூடிய சாமான் இல்லை, பெரிய வேலையும் இல்லை.

மாற்றிப் பார்த்தும் எரிந்தால் ஸ்ரியரிங் பக்கத்துச் சுவிட்சிலோ, வயரிலோ, காரின் கொம்பியூட்டரிலோ கோளாறு. முந்தைய சொந்தக்காரர் அழகுக்கென்று பூட்டின மேலதிக லைற்றின் வயராகவும் இருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். படம் விளங்கவில்லை, ரிலேயும் அகப்படவில்லை என்றால் பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றி, பற்றறியில் படாமல் துணியால் சுற்றி வையுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மணிக்கூடும் ரேடியோவும் குழம்பும், சில ரேடியோக்கள் இரகசிய இலக்கம் கேட்கும், அது பரவாயில்லை. ஆனால் ரிலேயைக் கழற்றின காரை இருட்டில் ஓட வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர் "பின்னுக்குத்தான் எரியுது" என்று சொன்னால் அது வேறு கதை. பிரேக் மிதியின் அடியில் கால்விரிப்பில் பிளாஸ்ரிக் துகள்கள் கிடக்கிறதா பாருங்கள். மிதியில் இருக்கும் சிறிய பிளாஸ்ரிக் குமிழ் உடைந்தால் பிரேக் லைற் நூராது. அந்தக் குமிழ் சில டொலர்தான்.

எல்லாம் பிந்தி, கார் ஏற்கெனவே படுத்து விட்டதென்றால் இன்னொரு காரில் இருந்து பூஸ்ரர் கேபிள் கொடுக்கலாம். சிவப்பை முதலில் படுத்த பற்றறியின் பிளஸில், மறுமுனையை நல்ல பற்றறியின் பிளஸில் பூட்டுங்கள். பிறகு கறுப்பை நல்ல பற்றறியின் மைனஸில், கடைசி முனையைப் படுத்த காரின் எஞ்சினில் வெறும் உலோகத்தில் பூட்டுங்கள். கடைசி முனையை பற்றறியில் பூட்டாதீர்கள், பொறி பறக்கலாம். அன்றைக்கு நீங்கள் நேரில் போக வேண்டிய அகதி விசாரணை இருந்தால் காரோடு மினக்கெட வேண்டாம். டாக்சி பிடியுங்கள், போகும் வழியிலேயே உங்கள் சட்டத்தரணிக்கு அறிவியுங்கள். விசாரணைக்குச் சமூகம் தராவிட்டால், கோரிக்கையை நீங்கள் கைவிட்டு விட்டதாகச் சபை தீர்மானிக்க இடமுண்டு.

கராஜுக்குப் போகும்போது வெறுமனே "லைற் பழுது" என்று சொல்லாதீர்கள். "திறப்பை எடுத்த பிறகும் எரிகிறது, ரிலேயைக் கழற்றினால் நூர்கிறது" என்று சொல்லுங்கள். தேடுகிற நேரத்துக்கான கூலி மிச்சம். வேலை தொடங்க முதல் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோச் சட்டப்படி, எழுதித் தந்த தொகைக்கு மேலே பத்து வீதத்துக்குக் கூட வாங்க முடியாது. கழற்றின பழைய சாமானைத் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புதுச் சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. ஆங்கிலம் சரிவரவில்லை என்றால் மதிப்பீட்டுக் கடிதத்தைக் கையெழுத்து வைக்க முதல் எங்களிடம் கொண்டு வாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.