தகரக் கூரைக்குக் கீழே: சூட்டைத் தடுப்பது எப்படி?

கச்சான் வீசத் தொடங்கினால் கல்முனைக் கரையோரத்தில் பகலைக் கழிப்பது பெரும்பாடு. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறி எங்கள் பக்கம் இறங்குகிறது. கிடுகுக் கூரைகள் இருந்த காலத்தில் அந்தச் சூட்டை ஓலையே தாங்கியது. யுத்தமும் 2004 சுனாமியும் வீடுகளைப் பறித்த பிறகு, மருதமுனை முதல் நிந்தவூர் வரை பலர் தகரத்துக்கும் அஸ்பெஸ்டஸுக்கும் கீழே வாழ்கிறோம். ளுஹருக்குப் பிறகு எங்கள் உம்மா அறைக்குள் இருப்பதில்லை. வேப்பமரத்தடியில் பாய் விரித்துவிடுவார். எழுந்து வெளியே போக முடியாத நோயாளிகள் என்ன செய்வார்கள்?

உச்சி வெயிலில் துருப்பிடித்த தகரம் 60 பாகை செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூடு காற்று வழியாக மட்டும் வருவதில்லை. அடுப்புத் தணலுக்கு முன் நின்றால் முகம் சுடுவதுபோல, கூரையிலிருந்து கதிராக நேரே உடம்பில் விழுகிறது. மின்விசிறி காற்றைத் தள்ளும், கதிரைத் தள்ளாது.

குளிர்நாடுகளில் வாழும் எங்கள் உறவுகள் சிலரது வீடுகளில் தரைக்குள் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. அதன் அடியில் ரெஜிபோம் போன்ற தடித்த பலகை விரிப்பார்கள். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய சூடு மண்ணுக்குள் இறங்கிவிடும். எங்களுக்குச் சூடு வேண்டாத விருந்தாளி. ஆனாலும் விதி ஒன்றுதான்: சூட்டுக்குக் கீழே தடுப்பு வேண்டும்.

இங்கே பொருத்தமானது பளபளப்பான அலுமினியத் தாள். தான் சூடேறினாலும் அது மிகக் குறைந்த கதிரையே கீழே விடும். ஆனால் தகரத்துக்கும் மட்டைக்கும் நடுவில் நெருக்கி ஒட்டினால் பயனில்லை. பளபளப்பான பக்கத்துக்கு எதிரே குறைந்தது ஓர் அங்குல வெற்றிடம் வேண்டும். பளபளப்பு கீழ்நோக்கி இருந்தால் தூசி படிந்து மங்காது. சூடான காற்று வெளியேற முகட்டில் வழி விடுங்கள். தகரத்தின் மேற்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசினால் சூடு பாதியிலேயே திரும்பிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். அஸ்பெஸ்டஸைத் துளைக்கவோ அறுக்கவோ உலரத் தேய்க்கவோ வேண்டாம். அதன் தூசி புற்றுநோயை உண்டாக்கும். சுவரிலிருந்து தனிச் சட்டம் அடித்து, அதில் தாளைக் கட்டுங்கள். அடுத்தது, அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். 2009–2010இல் அவுஸ்திரேலிய அரசின் கூரைக் காப்புத் திட்டத்தில் 4 தொழிலாளர்கள் இறந்தனர். உலோகத் தாளை அடிக்கும்போது மின்சாரம் தாக்கியதும் அதற்கொரு காரணம். வேலை தொடங்குமுன் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள்.

வீட்டுத்திட்டங்களில் கூரையைக் கணக்கிடுகிறவர்கள் இந்தத் தாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்கு ஒதுங்க மட்டுமல்ல, பகலில் படுத்திருக்கவும்தான் வீடு.