விடியலில் ஒரு விரைவோட்டம்

திரைப்படங்களிலே உரையாடல் ஒரு சொல்லும் இல்லாத படங்கள் சிலவே. நடிகர் என்று எவரையும் இறுதிக் கணம் வரை காட்டாத படங்கள் அவற்றினும் சில. இவ்விரண்டு குறைகளையும் தனக்குரிய நிறைவுகளாக மாற்றிக்கொண்டு, உலகெங்கும் பேர் பெற்ற ஒரு குறும்படம் பிரெஞ்சு மொழியிலே உண்டு. ‘செத்தே அன் ரொன்தேவூ’ என்பது அதன் பெயர். ‘அது ஒரு சந்திப்பு’ எனத் தமிழிலே கூறலாம். 1976 ஆம் ஆண்டிலே குளோட் லெலூஷ் என்னும் பிரெஞ்சு இயக்குநர் இதனை எடுத்தார். படம் ஓடும் நேரம் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். அந்நேரத்தில் நிகழ்வது ஒன்றே ஒன்று: ஒரு மோட்டார் வண்டி பாரிஸ் மாநகரின் மேற்கு எல்லையிலிருந்து மொன்மார்த் குன்றின் உச்சி வரை, பத்துக் கிலோமீற்றர் அளவான தூரத்தை, எங்கும் நில்லாமல் ஓடிக் கடக்கிறது.

பாரிஸ் நகரத்து மக்கள் ஆகஸ்ட் மாதத்திலே விடுமுறைக்காகக் கடற்கரைகளுக்கும் மலைப் பிரதேசங்களுக்கும் போய்விடுவது வழக்கம். நகரம் அப்போது பாதி வெறுமையாகிவிடும். அத்தகைய ஓர் ஆகஸ்ட் மாதத்து விடியற்காலை, ஐந்தரை மணியளவில், இப்படம் எடுக்கப்பட்டது. நகரைச் சுற்றியோடும் வளையப் பாதையின் சுரங்கவழியிலிருந்து வெளிப்படும் வண்டி, போர்ட் தோஃபின் வாயிலைக் கடந்து, அகன்ற ஃபொஷ் சாலையில் ஏறுகிறது. தொலைவிலே வெற்றி வளைவு தோன்றுகிறது. தோன்றிய சிறிது நேரத்திலேயே அதனைச் சுற்றி வண்டி திரும்பிவிடுகிறது. பின்னர் ஷான்ஸ்-எலிசே பெருவீதி, அதன் அடியிலே கொன்கோர்ட் சதுக்கம், சேன் நதிக்கரை, லூவ்ர் மாளிகையின் வளைவு வாயில், ஓப்பரா வீதி, ஓப்பரா அரங்கின் முகப்பு. அதன் பின் வீதிகள் குறுகுகின்றன, வளைகின்றன, மேல்நோக்கி ஏறுகின்றன. சிவப்பு விளக்குகள் ஒளிர்கின்றன, வண்டி நிற்பதில்லை. ஒருவழிப் பாதையிலே எதிர்த்திசையாகவும் அது புகுந்து செல்கிறது. தெருவில் இரை பொறுக்கும் புறாக்கள் சிதறிப் பறக்கின்றன. குப்பை அள்ளும் வண்டி ஒன்றும், அதிகாலையில் நடந்து செல்லும் சிலரும் கண்ணுக்குத் தென்பட்டு மறைகின்றனர்.

ஈற்றிலே சக்ரே-கேர் தேவாலயத்தின் முன்றிலில் வண்டி நிற்கிறது. ஓர் ஆடவர் இறங்கி முன்னே வருகிறார். பொன்னிறக் கூந்தலையுடைய ஒரு பெண் படிகளில் ஏறி வருகிறாள். இருவரும் தழுவிக்கொள்கின்றனர். அவர்களுக்குப் பின்னே பாரிஸ் நகரம் விடியலின் ஒளியில் விரிந்து கிடக்க, கோயில் மணி ஒலிக்கிறது. இத்தனை அவசரமும் எதற்காக என்ற வினாவுக்கு அப்போதுதான் விடை கிடைக்கிறது. படத்தின் பெயரும் அப்போதுதான் பொருள் பெறுகிறது.

காதலிக்காக இரவெல்லாம் வண்டியோட்டும் ஆடவன் லெலூஷுக்குப் புதியவன் அல்லன். 1966 ஆம் ஆண்டிலே கான் திரைப்பட விழாவின் உச்சப் பரிசைப் பகிர்ந்துகொண்டு, அமெரிக்க ஒஸ்கார் பரிசுகளையும் பெற்ற ‘ஓர் ஆணும் ஒரு பெண்ணும்’ என்ற அவருடைய படத்தின் நாயகன் பந்தய வண்டியோட்டி. மொன்டி கார்லோ பந்தயம் முடிந்ததும், ஒரு பெண்ணைக் காண அவன் நெடுந்தூரம் வண்டியை ஓட்டி வருகிறான். பத்தாண்டு கழித்து, அந்த ஓட்டத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து ஒரு படமாக்கினார் என்று சொன்னால் அது பிழையாகாது.

படம் பிறந்த விதம் சிக்கனமானது. அவ்வாண்டிலே லெலூஷ் வேறொரு முழுநீளப் படத்தை முடித்திருந்தார். அதிலே செலவாகாத படச்சுருள் சிறிது எஞ்சியிருந்தது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு மேல் அது ஓடாது. நடுவில் ஒரு வெட்டும் இன்றி, ஒரே ஓட்டமாகப் படமெடுக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். ஆகவே சுருள் தீருமுன் வண்டி குன்றின் உச்சியை அடைந்தே ஆகவேண்டும். திரையில் தோன்றும் அவசரம் காதலனுடையது. அதன் பின்னே இருந்த உண்மையான அவசரமோ கமராவுக்குள் சுழன்றுகொண்டிருந்த அந்தச் சுருளினுடையது.

படத்தின் தொடக்கத்திலே, இதில் தந்திரக் காட்சி எதுவும் இல்லை, ஓட்டம் செயற்கையாக விரைவுபடுத்தப்படவும் இல்லை என்ற அறிவிப்பு வருகிறது. அவ்வறிவிப்பு பொய்யன்று. எனினும் அது முழு உண்மையும் அன்று. கண்ணுக்குக் காட்டியதில் தந்திரம் இல்லை. காதுக்குக் கேட்பித்ததிலோ பெரியதொரு தந்திரம் இருந்தது.

படத்திலே கேட்கும் எஞ்சின் ஓசை இத்தாலிய பெராரி வண்டியினுடையது. பன்னிரண்டு உருளைகள் கொண்ட அந்த எஞ்சின் கர்ச்சிக்கிறது. சாரதி கியரை மாற்றும்போது ஒரு கணம் தணிந்து, மீண்டும் சீறி எழுகிறது. இதனைக் கேட்ட பலரும், பெராரி ஒன்றே பாரிஸ் வீதியில் ஓடியதென நம்பினர். சாரதி பேர்பெற்ற பந்தய வீரர் ஒருவர் என்றும், வண்டி மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடியதென்றும் கதைகள் பரவின. மங்கிய வீடியோ நாடாப் பிரதிகள் கைமாறிக் கைமாறிச் சென்ற காலத்திலே அக்கதைகளும் வளர்ந்துகொண்டே போயின.

உண்மையைப் பல ஆண்டுகளின் பின் லெலூஷே வெளியிட்டார். ஓடியது அவருடைய சொந்த வண்டி. ஜேர்மன் நாட்டு மேர்சிடிஸ் பென்ஸ் 450 எஸ்.ஈ.எல். 6.9. ஓட்டியவரும் அவரே. படியேறி வரும் பெண்ணாகத் தோன்றியவர் அக்காலத்தில் அவருடைய துணைவியாயிருந்த, சுவீடன் நாட்டைச் சேர்ந்த குனில்லா ஃபிரிடென். பெராரியின் ஓசை பின்னர் தனியே பதிவு செய்யப்பட்டுப் படத்தோடு இணைக்கப்பட்டது. மேர்சிடிஸ் வண்டியைத் தேர்ந்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. அதன் சில்லுகளின் மேல் அமைந்த வில் அமைப்பு, எண்ணெயும் அமுக்கிய வாயுவும் கொண்டு இயங்குவது. மேடு பள்ளங்களில் வண்டியின் உடல் அதிகம் குலுங்காது. முன்புறத்திலே தாழ்வாகப் பொருத்தப்பட்ட கமராவுக்கு அந்த நிதானம் இன்றியமையாதது. ஆனால் அவ்வண்டியின் கியர் அமைப்போ தானாகவே மாறுவது; அதுவும் மூன்றே படிகள் உடையது. அதன் மெல்லிய முனகலைக் கேட்டு எவரும் நாற்காலியின் நுனிக்கு வரமாட்டார்கள்.

வானொலி நாடகம் கேட்டுப் பழகியோருக்கு இந்த வித்தை நன்கு தெரிந்ததே. இரண்டு சிரட்டைகளைத் தட்டினால் குதிரை ஓடும். மெல்லிய தகட்டை அசைத்தால் இடி முழங்கும். காது எதனைக் கேட்கிறதோ அதற்கேற்ற காட்சியை மனம் தானாகவே வரைந்துகொள்கிறது. லெலூஷ் அதனைத் திரையிலே செய்தார். கண் ஒரு வேகத்தைக் கண்டது. காது அதனினும் மிக்க வேகத்தைக் கேட்டது. மனமோ காதின் சொல்லையே நம்பியது. படத்தை ஓசையின்றி ஓடவிட்டுப் பார்ப்பவர், அதே வண்டி தளர்ந்து ஓடுவது போல உணர்வார்.

கமரா இருந்த இடமும் இம்மயக்கத்துக்குத் துணைபுரிந்தது. ஆள் அமர்ந்திருக்கும் உயரத்திலிருந்து பார்த்தால் வீதி ஓரளவு மெதுவாகவே நகரும். தரைக்கு மிக அண்மையில் கண்ணை வைத்தால், அதே வீதி பாய்ந்தோடி வந்து கண்ணின் கீழே மறையும். அகன்ற பரப்பைக் காட்டும் வில்லையைப் பொருத்தினால் ஓரத்திலுள்ள சுவர்களும் மரங்களும் விரைந்து விலகுவதாகத் தோன்றும்.

அப்படியானால் வண்டி ஓடிய உண்மை வேகம் யாது? இதனை அளக்க வழி உண்டு. படச்சுருளில் ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் பதிகின்றன. படத்திலே தெளிவாகத் தெரியும் இரண்டு கட்டடங்களைத் தெரிந்து, அவற்றின் இடைத்தூரத்தை நகர வரைபடத்தில் அளந்து, இடையே எத்தனை சட்டங்கள் கடந்தன என எண்ணினால் வேகம் வெளிப்படும். உதாரணமாக, 350 மீற்றர் தூரத்தைக் கடக்க 240 சட்டங்கள் சென்றனவெனின், பத்துச் செக்கன் ஆயிற்று. வேகம் மணிக்கு 126 கிலோமீற்றர். இம்முறையிலே ஆராய்ந்தவர்கள், மிகைப்பட்ட வேகம் மணிக்கு 140 கிலோமீற்றரைத் தாண்டவில்லை எனக் கண்டனர். லெலூஷ் தாம் 200 கிலோமீற்றரை எட்டியதாகக் கூறியிருந்தார். பத்துக் கிலோமீற்றரை எட்டு நிமிடத்தில் கடந்ததாகக் கொண்டாலும், வளைவுகள் உட்பட, சராசரி வேகம் மணிக்கு 75 கிலோமீற்றரே ஆகும்.

ஆனால் 140 என்பது சிறிய எண் அன்று. மக்கள் நடமாடும் வீதியிலே அது அச்சத்துக்குரிய எண். அவ்வேகத்தில் வண்டி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 39 மீற்றர் செல்லும். ஆபத்தைக் கண்டு, கால் பிறேக்கை அமுக்குவதற்கு ஒரு செக்கன் ஆகுமெனக் கொண்டால், அந்த 39 மீற்றரும் வேகம் சற்றும் குறையாமலே கழிந்துவிடும். அதன் பின் வண்டி நிற்க, உலர்ந்த வீதியிலும், மேலும் நூறு மீற்றருக்கு மேல் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வண்டியோ எல்லாம் சேர்த்து முப்பது மீற்றருக்குள் நின்றுவிடும். வேகம் இருமடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிறேக் பிடித்து நிற்கும் தூரமும் அவ்வாறே நான்கு மடங்காகிறது. பந்தய வீரராயினும், படம் எடுப்பவராயினும், இயற்கையின் இவ்விதி எவருக்கும் தளர்வதில்லை.

இதனை லெலூஷ் அறியாதவர் அல்லர். வழியிலே முன்னால் இருப்பதைக் காணவியலாத இடமாக அவர் கருதியது லூவ்ர் மாளிகையின் வளைவு வாயில். அதன் மறுபக்கத்திலே ஆள் எவரும் வந்தால் எச்சரிப்பதற்காக, எலி ஷுராக்கி என்னும் தம் உதவியாளரைக் கையடக்க வானொலிக் கருவி ஒன்றுடன் அங்கே நிறுத்தியிருந்தார். வண்டி வாயிலை நெருங்கியது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வண்டி வேகம் குறையாமல் புகுந்து சென்றது. ஓட்டம் முடிந்த பின்னரே தெரியவந்தது: வானொலிக் கருவி பழுதுபட்டுக் கிடந்தது. உதவியாளர் குரல் கொடுத்திருந்தாலும் அது வண்டியை எட்டியிருக்காது.

படத்தின் நடுங்கவைக்கும் கணம் உண்மையில் இதுவே; திரையில் அது தெரிவதில்லை. மௌனத்தை அவர் ‘வழி வெறுமை’ என்று பொருள் கொண்டார். மௌனத்துக்கோ இரண்டு பொருள் இருந்தது. புகையிரதப் பாதையை அமைத்த பொறியியலாளர் இச்சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தனர். சமிக்ஞைக் கம்பி அறுந்தாலோ மின்சாரம் நின்றாலோ, சமிக்ஞை தானாகவே ‘நில்’ என்ற நிலைக்கு வரவேண்டும் என்பது அவர்களது கோட்பாடு. செய்தி வராவிடின் ஆபத்து உண்டெனவே கொள்ளுதல் வேண்டும். ‘வழி வெறுமை’ என்ற சொல் காதில் விழுந்தாலன்றி வாயிலுள் புகுவதில்லை என்று ஏற்பாடு செய்திருந்தால், பழுதுபட்ட கருவி எவருக்கும் தீங்காக முடியாது.

அன்று எவருக்கும் காயம் ஏற்படவில்லை. அதனாலேயே இப்படத்தை மகிழ்ச்சியோடு பார்க்க முடிகிறது. ஆயினும் விபத்து நேராமை வேறு, பாதுகாப்பு வேறு. வண்டியோட்டியவர் தம் உயிரைத் தாமே பணயம் வைத்தார். அது அவருடைய விருப்பம். வீதியைக் கடந்த வழிப்போக்கர் அத்தகைய சம்மதம் எதனையும் அளிக்கவில்லை. விடியற்காலையில் வீதியில் நடப்போர் பெரும்பாலும் வேலைக்குச் செல்வோரும் வேலை முடிந்து திரும்புவோருமே. பொலிஸ் அதிகாரி தம்மை அழைத்து, குற்றங்களை ஒவ்வொன்றாக வாசித்து, சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி, உடனேயே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று லெலூஷ் பின்னாளிலே கூறினார். கேட்போர் சிரிப்பர். ஒருவர் அடிபட்டிருந்தால் அக்கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

2020 ஆம் ஆண்டு மே மாதத்திலே, மொனாக்கோ நகரத்தின் வீதிகளில் லெலூஷ் மீண்டும் ஒரு விரைவோட்டத்தைப் படமாக்கினார். நோய்த்தொற்றின் காரணமாக அவ்வாண்டின் மொனாக்கோ மோட்டார்ப் பந்தயம் கைவிடப்பட்டிருந்தது. பந்தயம் நடந்திருக்க வேண்டிய அதே நாளில், அவ்வூரிலே பிறந்த பந்தய வீரர் ஷார்ல் லெக்லேர் பெராரி வண்டியை ஓட்டினார். இம்முறை வீதிகள் மூடப்பட்டிருந்தன. வண்டி பழைய ஓட்டத்தினும் மிக விரைவாக ஓடியது. வேகத்தைக் காட்டுவதற்கு அறியாதவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவ்வியக்குநரின் இரண்டாவது படமே சான்று.

1976 ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்க வாய்ப்புப் பெறுவோர் அதனை இருமுறை பார்ப்பது நன்று. முதன்முறை பெராரியின் ஓசையோடு பார்த்து, ஒலி செய்யும் மாயத்தை அனுபவிக்கலாம். இரண்டாம் முறை ஓசையை நிறுத்திவிட்டு, வீதியோரத்தில் நடந்து செல்லும் அந்தப் பெயரறியாத மனிதர்களை மட்டும் கவனிக்கலாம்.