"ஃபைல் வேண்டாம்டா, போட்டோவாப் போடு"

கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத் தமிழர்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்று என் பொறுப்பில் ஓடுகிறது. உற்சவ அழைப்பிதழ், கச்சேரி நிரல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அச்சகத்திலிருந்து பிடிஎஃப்பாக வரும். அப்படியே போட்டேனோ, உடனே யாராவது ஒரு மாமியின் போன்: "திறக்கவே மாட்டேங்கறதுடா, போட்டோவாப் போடேன்!"

மாமி கேட்பது நியாயம்தான். பிடிஎஃப் என்பது இந்த எழுத்துருவில், இந்த அளவில், இந்த இடத்தில் எழுது என்று சொல்லும் குறிப்புகளின் கட்டு. அதைப் படித்து வரைந்துகாட்ட ஒரு செயலி வேண்டும். எழுத்துருவை உள்ளே பொதியாத பழைய கோப்பு என்றால் 'கும்பாபிஷேகம்' கொம்பு வேறு கால் வேறாகக் கலைந்து நிற்கும். படத்தில் இந்த வம்பில்லை. வரைந்து முடித்த புள்ளிகள் மட்டுமே என்பதால் எந்த போனிலும் ஒரே மாதிரி தெரியும். எழுத்துரு வைத்திருக்கும் அச்சகத்திடமே மாற்றித் தரச் சொல்வது உத்தமம்.

ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 150 புள்ளி என்று மாற்றினால் 1240-க்கு 1754 புள்ளிகள்; போனில் படிக்க அது போதும். அச்சடிக்க 300 வேண்டும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. முகங்களுக்கு அது சரி, ஆனால் ரொம்பச் சுருக்கினால் எழுத்தின் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும். எழுத்து மட்டுமுள்ள பக்கத்துக்கு நான் பிஎன்ஜிதான் போடுவேன். வாட்ஸ்அப் தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். பொடி எழுத்து இருந்தால் அதே படத்தை 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்புங்கள்.

ஆதார் நகலில் எண்ணை மறைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை ஒட்டினால் அடியிலிருக்கும் எண்ணைப் பல சமயம் நகலெடுத்துவிடலாம். பட்டையோடு சேர்த்துப் படமாக்கிவிட்டால் அடியில் ஒன்றுமே இருக்காது.

பக்கம் படமாகத்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலையும் உண்டு. தாகூரின் கையெழுத்துப் பிரதிகள் அப்படித்தான். எழுதி அடித்துவிட்ட வரிகளை அவர் சும்மா விடமாட்டார். அடித்தல்களைக் கோத்துப் பறவையாக, விநோத மிருகமாக ஆக்கிவிடுவார். 1924-ல் அர்ஜென்டினாவில் அவர் தங்கியிருந்தபோது 'பூரபி' கவிதைகளின் கையெழுத்துப் படியில் இந்த விளையாட்டைக் கண்டு அந்நாட்டு எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போ வியந்துபோனார். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தால் கவிதை மட்டும்தான் கையில் மிஞ்சும்.

எங்கள் பேட்டையிலிருந்து எட்டிப்போகிற தூரத்தில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம். பேராசிரியர் சுகாந்த சௌதுரி வழிநடத்த, அங்குள்ளவர்கள் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளும் அச்சுப் பதிப்புகளுமாகச் சுமார் 1,40,000 பக்கங்களைப் படமாக்கி, 2013-ல் 'விசித்ரா' என்ற பெயரில் இணையத்தில் திறந்துவிட்டார்கள். படத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை என்பதில்தான் எனக்கு மதிப்பு. எழுத்தாகவும் தட்டிச் சேர்த்திருப்பதால் ஒரு சொல்லைத் தேடலாம், ஒரே கவிதையின் வெவ்வேறு வடிவங்களை ஒப்பிடலாம். இதே ஊரில், ஆலிப்பூர் தேசிய நூலகத்தில், தமிழறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் நூல் சேகரிப்பு இருக்கிறது. அதுவும் இப்படிப் படமும் எழுத்துமாக வந்தால் மதுரையில் உட்கார்ந்தே படிக்கலாமே என்று ஓர் ஆசை.

வெறும் படம் ஊமை. பார்வையில்லாத ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். எழுத்தாக வரும் செய்தியை அவருடைய போன் வாசித்துச் சொல்லும். அழைப்பிதழ் படமாக வந்தால் 'போட்டோ' என்பதோடு நிறுத்திக்கொள்ளும். நாலு மாதம் கழித்து அந்தத் தேதியைத் தேடும் நமக்கும் அதே கதிதான். ஆகவே படம் போடுகிறவர்கள் அதன் கீழேயே நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு வரியில் தட்டிவிடுங்கள்.