தென்துருவப் பனி கரைந்தால் தூத்துக்குடிக் கடல் ஏன் உயர வேண்டும்?

மலையடிவாரத்து ஊரான புளியறைக்குக் கடல் வராது, கரையோரத் தூத்துக்குடிக்கு வரும். ஆனால் எல்லாப் பனியும் அதற்குக் காரணமல்ல. மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக மாறாது. தரையில் தங்கிய பனி கடலில் இறங்கினால்தான் உயரும்.

மேற்கு அண்டார்க்டிகாவின் த்வைட்ஸ் பனியாற்றுக்கு அடித்தரையே கடல்மட்டத்துக்குக் கீழே. உள்ளே போகப் போக ஆழம் கூடுகிறது. சற்றே வெப்பமான கடல்நீர் அடியில் புகுந்து அரிக்க, பனி தரையில் ஊன்றிய விளிம்பு பின்வாங்குகிறது. பின்வாங்கிய இடத்தில் பனி இன்னும் தடிமன். அதனால் கடலுக்குள் இன்னும் வேகமாக வழிகிறது. தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம் என்பதே பெரிய அச்சம்.

பனிப்பாளம் தன் ஈர்ப்பால் கடல்நீரைத் தன்பக்கம் இழுத்தும் வைத்திருக்கிறது. பாளம் மெலிந்தால் அந்த நீர் விலகி, தொலைவிலுள்ள நம் கரையில் ஏறும்.

தரையில் பனி மிகுந்திருந்த 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று தரை. இனி ஏறும் வேகத்தை, நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் பெருமளவு தீர்மானிக்கும்.