நூறு கடை, பத்து ஆம்பியர்

டெல்லி கோல் மார்க்கெட்டின் பன்னிரு பக்கக் கட்டடம் 1921-இல் எழுந்தபோது, விளக்கு என்றால் குண்டு பல்புதான். 50 ஹெர்ட்ஸ் அலை எப்படி வளைகிறதோ, அப்படியே வளைந்து அது மின்னோட்டத்தை இழுக்கும். இன்று சுற்றுவட்டாரக் கடைகளில் இருக்கும் எல்.இ.டி. விளக்கும் கம்ப்யூட்டரும் சார்ஜரும் அப்படியல்ல. உள்ளே இருக்கும் ரெக்டிஃபையர், அலையின் உச்சி வரும்வரை கொக்கு போலக் காத்திருந்து ஒரே கொத்தாகக் கொத்துகிறது. திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் தூய அலைகளாகப் பிரிக்கலாம் என்று ஃபூரியே 1822-இல் எழுதினார். அப்படிப் பிரித்தால் இந்தக் கொத்தலுக்குள் 150, 250, 350 ஹெர்ட்ஸ் அலைகள் கிடைக்கும். 50-இன் மூன்று, ஐந்து, ஏழு மடங்கான இவைதான் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் ஹார்மோனிக்ஸ். டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்குவதில் இவற்றுக்குப் பங்குண்டு.

ஒவ்வொன்றும் 11-ஆம் ஹார்மோனிக்கில் ஒரு ஆம்பியர் இழுக்கும் நூறு கடைகள் இருந்தால் மொத்தம் எவ்வளவு? நூறு என்பது பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டு கடைகளின் கொத்தலுக்கு இடையே ஒரு மில்லிசெகண்ட் வித்தியாசம் இருந்தால், 50 ஹெர்ட்ஸில் அது 18 பாகை மட்டுமே. 11-ஆம் ஹார்மோனிக்கிலோ 198 பாகை. இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட அழித்துவிடும். எந்தக் கடை எப்போது எதைப் போடும் என்று யாருக்கும் தெரியாததால் இங்கே நிகழ்தகவு வருகிறது. கோணங்கள் தாறுமாறாக இருந்தால் கூட்டுத்தொகை சராசரியாக வர்க்கமூல அளவில்தான் வளரும் என்பதை ஒலி அலைகளுக்காக ராலே பிரபு 1880-இலேயே காட்டிவிட்டார். ஆக, சுமார் பத்து ஆம்பியர்.

இந்தச் சலுகை எல்லா ஹார்மோனிக்குக்கும் கிடையாது. ஐ.இ.சி. 61000-3-6 ஆவணத்தின் கூட்டல் விதிப்படி ஐந்தாம் ஹார்மோனிக்குக்குச் சுமார் 27 ஆம்பியர். மூன்றாவதுக்கு முழு நூறு. மூன்றாவதில் கோணங்கள் அவ்வளவாகச் சிதறுவதில்லை. போதாக்குறைக்கு, மூன்று ஃபேஸிலிருந்தும் வரும் மூன்றாம் ஹார்மோனிக் நியூட்ரல் கம்பியில் ஒன்றுகூடிவிடும். ஃபேஸைவிட மெல்லிய நியூட்ரல் போட்ட பழைய கட்டடங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தக் கம்பியைத்தான்.

இந்த ஹார்மோனிக் மின்னோட்டங்கள் மின்னழுத்தத்தையும் சிதைக்கும். அந்தச் சிதைவை அளக்கும்போதும் நிகழ்தகவுதான். பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு வாரத்தில் 1,008 அளவுகள். ஆயிரம் வோல்ட் வரையிலான இணைப்புகளில், அவற்றில் 95 சதவீதம் 8 சதவீதச் சிதைவுக்குள் இருந்தால் போதும் என்கிறது ஐ.இ.இ.இ. 519 தரநூலின் 2014 பதிப்பு. மீதி ஐம்பது வரம்பு மீறலாம். சூடு ஒரு நொடியில் ஏறுவதில்லை என்பதால் இது நியாயமான தளர்வுதான். ஆனால் ஐம்பதும் தீபாவளி இரவில் தொடர்ச்சியாக வந்தால்? எட்டு மணி இருபது நிமிடம்! அதனால்தான் மூன்று நொடி அளவுகளைக் கொண்டு, ஒவ்வொரு நாளும் 99 சதவீதம் 12 சதவீதச் சிதைவுக்குள் இருக்க வேண்டும் என்று அதே தரநூல் இன்னொரு கடிவாளமும் போடுகிறது.