கைமணமா, காய்மணமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு இல்லம் திரும்பி, பகலுணவுக்கு அமர்ந்தேன். நெய்ச்சோறும் கத்தரிக்காய் தால்ச்சாவும் ஆயத்தமாக இருந்தன. இரண்டு கவளம் உண்டதும், "என் அம்மா ஆக்கிய தால்ச்சாவைப் போல் இல்லையே! அந்தக் கைமணம் உனக்கு வரவில்லை" என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி பதிலேதும் கூறவில்லை. அடுக்களைக்குச் சென்று, மீதமிருந்த தக்காளி ஒன்றை எடுத்து வந்து, இரண்டாக அரிந்து என் முன் வைத்தார். "இதை முகர்ந்து பாருங்கள்" என்றார். முகர்ந்தேன், மணமில்லை. கடித்தேன், நனைந்த பஞ்சைக் கடித்தது போலிருந்தது. "மாமி ஆக்கியது இந்தத் தக்காளியிலா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரைக்குடிப் பகுதியில் வாழும் நமக்குச் சமையல் என்றாலே கைப்பக்குவம்தான் நினைவுக்கு வரும். சுவை கூடினால் கையைப் புகழ்வோம். குறைந்தால் அந்தக் கையையே குறை கூறுவோம். காயைக் குறித்து நாம் கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

தோளில் இருந்த பச்சை

முன்பெல்லாம் தக்காளி பழுக்குமுன் அதன் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை நிறம் படர்ந்திருக்கும். அந்தப் பச்சை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. இலையைப் போலவே காயும் சூரிய ஒளியைக் கொண்டு தனக்குரிய சர்க்கரையின் ஒரு பகுதியை அங்கே ஆக்கிக்கொள்கிறது.

ஆனால் காம்படி முதல் நுனிவரை ஒரே சீராகச் சிவக்கும் பழமே வணிகத்துக்கு ஏற்றதாகக் கருதப்பட்டது. அறுவடைக் காலத்தைக் கணிப்பதும் அதில் எளிது. எனவே அமெரிக்காவில் ஏறத்தாழ 70 ஆண்டுகளாக அத்தகைய செடிகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பது 2012-இல்தான் தெளிவாயிற்று. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன் பவெல் என்பவரும் அவருடைய குழுவினரும், சீரான நிறத்தைத் தரும் அந்த மரபணு மாற்றமே காயின் பச்சையத்தையும், அதன் வழியாகப் பழத்தின் சர்க்கரையையும் குறைக்கிறது என்று கண்டறிந்தனர். கண்ணுக்கு அழகைத் தேர்ந்தெடுத்தோம். நாவுக்குரியது நம்மை அறியாமலே நழுவிவிட்டது!

2017-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீ குழுவினர் 398 தக்காளி வகைகளை ஆராய்ந்தனர். மணத்துக்கும் சுவைக்கும் காரணமான பல வேதிப்பொருள்கள், பழைய வகைகளைவிட இன்றைய வணிக வகைகளில் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டனர். விளைச்சலையும் பருமனையும் உறுதியையும் நாடிய விதை உற்பத்தியாளர்கள், சுவையை அளந்து பார்க்கவில்லை என்பதே இதன் காரணம்.

தராசில் ஏறாத பொருள்

நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டின் புதிய விதைக் கொள்கை, வெளிநாட்டுக் காய்கறி விதைகளின் இறக்குமதியை எளிதாக்கியது. அதன்பின் வீரிய ஒட்டு விதைகள் விரைவாகப் பரவின. விளைச்சல் பெருகியது, ஏழையின் வீட்டிலும் தக்காளி நுழைந்தது. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

ஆயினும் சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஒட்டன்சத்திரத்திலோ ஆந்திரத்தின் மதனப்பள்ளியிலோ ஏற்றப்படும் தக்காளி, பெட்டிக்குள் அடுக்கப்பட்டு, லாரியில் குலுங்கி, மண்டியில் இறங்கி, சில்லறைக் கடை வழியாக நம் பைக்கு வருகிறது. மெல்லிய தோலும் மிகுந்த சாறும் உள்ள பழம் இந்தப் பயணத்தைத் தாங்காது. ஆகவே தடித்த தோலுள்ள பழம் பயிராகிறது. அதுவும் முழுதாய்ப் பழுக்குமுன்னரே பறிக்கப்படுகிறது.

விவசாயியை மட்டும் குறை சொல்லலாமா? அவருக்குக் கூலி எடைக்குத்தான் கிடைக்கிறது. தராசில் தண்ணீரின் எடை ஏறும், மணம் ஏறாது. நாமும் கடையில் அழுத்திப் பார்த்து, கீறலும் புள்ளியும் இல்லாததாய்ப் பொறுக்குகிறோம். முகர்ந்து பார்த்து வாங்குபவர் நம்முள் எத்தனை பேர்?

இன்னொரு தவறு நம் வீட்டுக்குள்ளேயே நிகழ்கிறது. தக்காளியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் அடைத்து வைக்கிறோம். 5 டிகிரி குளிரில் 7 நாள் வைத்த பழத்தில், சர்க்கரையும் புளிப்பும் மாறாவிடினும் மணம் பெரிதும் குன்றிவிடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் மீள்வதில்லை என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பிற காய்களும் பறித்தபின் சுவாசித்துக்கொண்டே, தம்மிடமுள்ள சர்க்கரையைச் செலவழிக்கின்றன. பச்சைப் பட்டாணியின் இனிப்பு நாளுக்கு நாள் குறைவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

நேர்மையாக ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளமைப் பசியே பாதிச் சுவை. ஓதிவிட்டு ஓடிவந்து உண்ட பிள்ளைப் பருவத்துச் சோற்றை, எந்தக் காயாலும் எந்தக் கையாலும் திருப்பித் தர இயலாது.

நம்மால் இயன்றவை

மணம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அன்னஞ்சி என்னும் உள்ளூர் வகையிலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 தக்காளி, தோளில் பச்சையைத் தாங்கியே வருகிறது. வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல காய்க்கு மதிப்பு உண்டு என்பதற்கு இவை சான்று.

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள், விளைவித்தவர் கையிலிருந்தே வாங்கும் வாய்ப்பை அளித்தன. அங்கேயோ, வாரச் சந்தையிலோ வாங்கும்போது, "எந்த ஊர்க் காய்? எப்போது பறித்தது?" என்று கேளுங்கள். சிறிது கோணலாக இருந்தாலும் மணமுள்ளதை எடுங்கள். தக்காளியை இரண்டு நாளுக்கு வேண்டிய அளவே வாங்கி, கூடையில் வெளியே வையுங்கள். கொல்லையில் ஒளுச் செய்யும் நீர் வழிந்தோடும் இடத்தில் இரண்டு நாட்டுச் செடிகளை நடுங்கள். நாட்டு வகையின் விதையைச் சேமித்து மறுமுறையும் நடலாம். ஒட்டு வகையின் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தராது.

எல்லாவற்றினும் மேலான ஒன்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிடில் விட்டுவிடுவார்கள் என்பதை நாம் அறிவோம். நானே மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பலமுறை கற்பித்த செய்திதான் அது. ஆனால் என் வீட்டு ஸஹனில் அதை மறந்துவிட்டேன்.

மறு வெள்ளிக்கிழமை, சந்தையில் ஒரு மூதாட்டியிடம் வாங்கிய நாட்டுத் தக்காளியோடு வீடு சென்றேன். அரியும்போதே மணம் கூடம் வரை வந்தது. "கையில் குறையில்லை, நான் வாங்கி வந்த காயில்தான் குறை" என்று மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "அடுத்த வாரமும் அந்த அம்மாவிடமே வாங்குங்கள்" என்றார்.

சகோதரர்களே! அடுத்த முறை சோற்றில் சுவை குறைந்தால், அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுக்குமுன், நீங்கள் வாங்கி வந்த பையை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்!